குட்டம் என்ற பெயரும் சொரியாசிஸ் என்ற நோயும் – ஒரு வரலாற்று நோக்கு

நோய்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கொள்ளைநோய்களையே பொருளாகத் தெரிந்துகொண்டனர். பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சூறையாடிய கொள்ளைநோயும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டத் தொழிலாளரோடு இந்நாட்டின் வடபாதை வழியே நடந்துவந்த வாந்திபேதியும், 1934–35ஆம் ஆண்டுகளில் இலங்கையை வாட்டிய மலேரியாவும் வரலாற்று மாணவர்க்கு நன்கு அறிமுகமானவை. ஆளைக் கொல்லாது, அதேவேளை ஆயுள் முழுவதும் விட்டகலாது உடனிருக்கும் நோய்களுக்கு வரலாற்று நூல்களில் ஒரு பந்திதானும் ஒதுக்கப்படுவதில்லை. சொரியாசிஸ் அத்தகையதொரு நோய். மருத்துவம் பயிலாத கலைப்பீட மாணவன் ஒருவன் இதனைப்பற்றி எழுதத் துணிவது ஏன் என்ற கேள்வி எழக்கூடும். இந்நோயின் வரலாற்றிற் பெரும்பகுதி ஒரு பெயரின் வரலாறு. பெயர்கள் எவ்வாறு வழங்கின, எவ்வாறு மயங்கின, அம்மயக்கத்துக்கு யார் விலை கொடுத்தனர் என்பன வரலாற்று மாணவனுக்கு உரிய வினாக்களே.

எனக்கு இப்பொருளில் நாட்டம் ஏற்பட்டதற்குச் சொந்தக் காரணமும் ஒன்றுண்டு. எமது உறவினர் ஒருவர், நான் 'பெரியப்பா' என்றழைப்பவர், எக்காலத்திலும் நீளக்கைச் சட்டையே அணிவார். முழங்கைகளிலும் முழங்கால்களிலும் அவருக்கு இருந்த வெண்செதிற் படைகளை நான் சிறுவனாயிருந்தபோது கண்டிருக்கிறேன். கலியாண வீடுகளில் அவர் பந்தியில் அமர்வதில்லை. கடைசியிற் குசினிப் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார். அயல்வீடொன்றில் அவருக்கெனத் தனியாக ஒரு தேநீர்க் கோப்பை இருந்தது. அவருக்கு வந்திருந்தது தொற்றாத நோய் என்பதை வைத்தியசாலையின் தோல்நோய்ப் பிரிவு அவருக்கு எப்போதோ சொல்லிவிட்டது. ஆனால் ஊரில் அதற்கு வழங்கிய பெயர் வேறு.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். எமது மேற்றோலின் அடித்தளத்திற் பிறக்கும் கலமொன்று மேலெழுந்து உதிர்வதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். சொரியாசிஸ் நோயிலோ உடலின் எதிர்ப்புச்சத்தித் தொகுதி வழிதவறிச் செயற்படுவதால் இப்பயணம் ஒரு சில நாள்களில் முடிந்துவிடுகின்றது. முதிராத கலங்கள் ஒன்றன்மேலொன்றாகக் குவிந்து, தெளிவான விளிம்பும் தடிப்பும் உடைய, வெள்ளி போன்று மினுங்கும் செதில்கள் போர்த்த படைகளாகின்றன. முழங்கை, முழங்கால், தலை, நாரி ஆகிய இடங்களை இந்நோய் விரும்பும். நகங்களிற் குண்டூசியாற் குத்தியது போன்ற சிறு குழிகள் விழும். நோயாளருட் சிலருக்கு மூட்டுக்களும் பாதிக்கப்படும். பரம்பரைத் தொடர்பு உண்டு; தொண்டைத் தொற்று, தோற்காயம், மன உளைச்சல் என்பன அதனைத் தூண்டிவிடும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றுவதில்லை.

இந்நோயின் பெயர் கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து வந்தது. கி.மு. ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஹிப்பொக்கிறற்றீஸ் மரபு நூல்களில் 'சொறா', 'லெப்றா' என்ற இரு சொற்கள் காணப்படுகின்றன. முன்னது அரிப்பைக் குறிப்பது. பின்னது செதிலைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. செதிலுதிரும் தோல்நோய்கள் பலவற்றுக்கும் பொதுப்பெயராகவே லெப்றா வழங்கியது. இன்று நாம் தொழுநோய் என்று கூறும் நோயைக் கிரேக்க மருத்துவர் பின்னாளில் அறிந்தபோது அதற்கு யானையின் தோலை நினைவூட்டும் வேறொரு பெயரை இட்டனர். எனவே கிரேக்கருக்கு லெப்றா வேறு, தொழுநோய் வேறு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டிற் காலன் என்ற மருத்துவர் 'சொரியாசிஸ்' என்ற சொல்லை எடுத்தாண்டார். ஆனால் கண்ணிமை முதலிய இடங்களில் அரிப்போடு செதிலுதிரும் வேறொரு நோயையே அவர் கருதினார் என்பது இன்றைய ஆய்வாளர் துணிபு. பெயர் ஓரிடத்திலும் நோய் வேறோரிடத்திலுமாகத் தொடங்கிய வரலாறு இது.

மயக்கத்துக்கு மொழிபெயர்ப்பே வாயிலாயிற்று. எபிரேய வேதத்தின் லேவியராகமம் 'சாராத்' என்றொரு நிலையைப் பற்றி விரிவாகப் பேசுகின்றது. தோலில் இக்குறி தோன்றியவனை ஆசாரியன் பார்வையிட வேண்டும்; ஐயமிருப்பின் ஏழு நாள் அடைத்துவைத்து மீண்டும் பார்க்க வேண்டும்; தீட்டுடையவன் என்று கண்டால் அவன் கிழிந்த உடையோடு, தன் தீட்டைத் தானே கூவியறிவித்துக்கொண்டு, பாளயத்துக்குப் புறம்பே தனித்து வாழவேண்டும். இதே நூல் துணியிலும் வீட்டுச் சுவரிலுங்கூடச் சாராத் தோன்றும் என்கின்றது. ஆகவே அது தனியொரு நோயின் பெயராக இருந்திருக்க முடியாது. சடங்குமுறைத் தீட்டொன்றின் பெயர் அது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியாவில் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்துக்கு ஆக்கத் தொடங்கியோர் இச்சொல்லுக்கு லெப்றா என்பதையே நிகராகக் கொண்டனர். செதிலுதிரும் சாதாரண நோய்களின் பெயர்மீது தீட்டு ஏறியது இவ்விடத்திலேயாம். பின்னர் 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளில் அரபு மருத்துவ நூல்கள் இலத்தீனுக்கு மாற்றப்பட்டபோது, உண்மைத் தொழுநோயைக் குறித்த அரபுச் சொல்லுக்கும் லெப்றா என்பதே பெயரெனக் கொள்ளப்பட்டது. இவ்வாறு செதில்நோய், தீட்டு, தொழுநோய் ஆகிய மூன்றும் ஒரே சொல்லினுட் புகுந்துகொண்டன.

எமது பக்கத்திலும் இதற்கு ஒப்பானதொன்று நிகழ்ந்துள்ளமை வியப்புக்குரியது. சரகரின் மருத்துவ நூல் குஷ்டம் என்ற தலைப்பின் கீழ்ப் பதினெட்டு வகைகளைக் கூறும். அவற்றுள் ஏழு பெருங்குஷ்டம், பதினொன்று சிறுகுஷ்டம். சிறுகுஷ்டத்துள் ஒன்றான ஏககுஷ்டம் வியர்வையற்றது, மீனின் செதிலையொத்தது என்று வருணிக்கப்படுகின்றது. இன்றைய ஆயுள்வேத மருத்துவர் பலர் இதனையும் கிடிபம் என்ற மற்றொரு வகையையும் சொரியாசிஸோடு ஒப்பிடுவர். தமிழ்ச் சித்த மருத்துவ மரபும் குட்டம் பதினெட்டு என்றே எண்ணும். இன்றைய சித்த மருத்துவர் சொரியாசிஸைக் காளாஞ்சகப்படை என்ற பெயராற் சுட்டுவர். இந்நூல்களைப் பொறுத்தவரை குட்டம் என்பது தோல்நோய் என்ற பேரினத்தின் பெயர். தேமலும் படையும் அதனுள் அடங்கும். நூல் வழக்கில் விரிந்து கிடந்த இச்சொல் பேச்சு வழக்கில் ஒடுங்கி, விரலழிந்த தொழுநோய் ஒன்றையே குறிக்கலாயிற்று. லெப்றா அடைந்த கதியைக் குட்டமும் அடைந்தது. கிரேக்கரும் நாமும் ஒருவரையொருவர் பார்த்து இதனைச் செய்யவில்லை. இருவேறு வழிகளாற் சென்று ஒரே இடத்தை அடைந்திருக்கின்றோம்.

மத்திய கால ஐரோப்பாவில் இப்பெயரைச் சுமந்தோர் பட்ட பாடு பலராலும் எழுதப்பட்டதே. 1179ஆம் ஆண்டின் மூன்றாம் இலாத்தரன் சங்கம், தொழுநோயாளர் ஏனையோரோடு சேர்ந்து வாழ முடியாதவர் ஆகையால் அவர்களுக்கெனத் தனிக் கோயிலும் தனிச் சேமக்காலையும் வைத்துக்கொள்ள இடமளித்தது. சில மறைமாவட்டங்களில் நோயாளனை உயிரோடிருக்கும்போதே இறந்தவனாகக் கருதிப் பிரித்துவிடும் சடங்கும் நடந்தது. 1321இற் பிரான்சில், கிணறுகளில் நஞ்சிட்டனர் என்ற பொய்க் குற்றச்சாட்டின்பேரிற் பல தொழுநோயாளர் எரிக்கப்பட்டனர். இத்தகையோருட் பெரும்பாலோர் உண்மையிற் சொரியாசிஸ் நோயாளரே என்று எழுதிவிடும் வழக்கம் மருத்துவ நூல்களின் முன்னுரைகளில் உண்டு. இதனை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. டென்மார்க்கின் நெஸ்வெத் என்னுமிடத்திலுள்ள தொழுநோயாளர் சேமக்காலையை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அகழ்ந்து ஆராய்ந்த மொல்லர் கிறிஸ்தென்சன், அங்கு கிடைத்த எலும்புக்கூடுகளுட் பெரும்பாலானவற்றில் உண்மைத் தொழுநோயின் அடையாளங்களைக் கண்டார். மத்திய காலத்தார் நாம் எண்ணுமளவுக்குக் கண்மூடிகளல்லர். முற்றிய தொழுநோயை அவர்கள் அடையாளங் கண்டிருந்தனர். ஐயத்துக்கிடமான தோலுடையவர் விடயத்திலேயே பிழை நேர்ந்திருக்கும். வரலாற்றிலே தடயமின்றிப் போனவரும் அவர்களே. எலும்பிற் பதியாத நோய்க்குச் சேமக்காலையும் சாட்சி சொல்லாது.

தோலைத் தோலாகவே பார்க்கும் முயற்சி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் வலுப்பெற்றது. றொபேட் வில்லன் (1757–1812) என்பவர் யோர்க்சயர் பகுதியிற் பிறந்தவர், குவேக்கர் சமயப் பிரிவினர். ஏழைகளுக்கென அமைந்த பொது மருந்தகமொன்றிற் பணியாற்றியதால், அரண்மனை மருத்துவர் ஒருபோதும் கண்டிராத அளவு தோல்நோய்களை அவர் கண்டார். தாவரங்களை இலினேயஸ் வகுத்ததுபோல நோய்களையும் வகுக்கும் ஆர்வம் அக்காலத்தில் நிலவியது. வில்லன் நோயின் காரணத்தைத் தேடிப் போகவில்லை; கண்ணுக்குத் தெரியும் அடிப்படைக் குறி யாது என்று கேட்டார். பருவா, செதிலா, கொப்புளமா, சீழ்க்கட்டியா, நிறமாற்றமா என்று பார்த்து எட்டு வகுப்புக்களை அமைத்தார். இப்பகுப்புக்காக 1790இல் இலண்டன் மருத்துவச் சங்கத்தின் பொற்பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1798 தொடக்கம் 1808 வரை நிறப்படங்களோடு பகுதி பகுதியாக அவரது நூல் வெளிவந்தது. அதனை முடிக்குமுன்பே அவர் இறந்தார். எஞ்சியதை மாணவர் தோமஸ் பேற்மன் 1813இல் நிறைவுசெய்தார்.

செதில் வகுப்பின் கீழ் இன்றைய சொரியாசிஸை வில்லன் துல்லியமாக வருணித்தார். ஆயினும் வட்டமாகத் தோன்றும் படைகளுக்கு லெப்றா என்றும், ஒழுங்கற்றுப் பரவும் படைகளுக்குச் சொரியாசிஸ் என்றும் பெயரிட்டு, ஒரே நோயை இரண்டாக்கிவிட்டார். அவர் கிரேக்கப் பொருளிலேயே லெப்றா என்ற சொல்லைக் கையாண்டார் என்பது உண்மை. ஆனால் அவர் காலத்தில் அச்சொல்லைக் கேட்ட சாதாரண மனிதனுக்குக் கிரேக்கம் தெரியாது. தேவாலயத்திற் கேட்ட பொருளே தெரியும். அறிஞரொருவர் சொல்லின் தொன்மைப் பொருளை மீட்க முயல்வதால் வழக்கிலுள்ள பொருள் அழிந்துவிடுவதில்லை என்பதற்கு வில்லன் நல்லதொரு சான்று. அவரது அவதானம் போற்றத்தக்கது. பெயரிடுதலில் அவர் தவறிவிட்டார் என்பதே என் எண்ணம்.

அத்தவறைத் திருத்தியவர் வியன்னாவின் பேர்டினன்ட் வொன் ஹெப்றா (1816–1880). பட்டம் பெற்றவுடன் வியன்னாப் பொது வைத்தியசாலையில், ஸ்கோடா என்ற பேராசிரியரின் பொறுப்பிலிருந்த சிரங்கு நோயாளர் விடுதி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மற்ற மருத்துவர் விரும்பாத விடுதி அது. ஹெப்றா அங்கேயே தம் கல்வியைத் தொடங்கினார். சிரங்குக்குக் காரணம் கெட்ட இரத்தமன்று, நுண்ணிய உண்ணியே என்பதை நிறுவத் தம் உடலிலேயே அதனைத் தொற்றவைத்துப் பார்த்தவர் அவர். நாள்தோறும் ஒரே நோயாளரைப் பார்த்து வந்தமையால், வில்லனின் வட்டப் படையும் ஒழுங்கற்ற படையும் ஒரு நோயின் வெவ்வேறு பருவங்களே என்பது அவருக்குப் புலப்பட்டது. 1841இல் அவர் சொரியாசிஸ் என்ற பெயரை மட்டும் நிறுத்தி, லெப்றா என்ற சொல்லை அந்நோயிலிருந்து முற்றாக நீக்கினார். 1847இல் நோர்வேயின் டானியல்சன், பொயெக் ஆகியோர் உண்மைத் தொழுநோயைத் தனி நூலாக வருணித்தனர். 1873இற் பேர்கன் நகரில் ஆமவுர் ஹன்சன் அதன் கிருமியைக் கண்டார். இரண்டாயிரம் ஆண்டு முடிச்சு முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவிழ்ந்தது எனலாம்.

அதன்பின் நோயை இனங்காணும் குறிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. செதிலை மெல்லச் சுரண்டிக் கழற்றினால் ஊசிமுனை போன்ற இரத்தத் துளிகள் தோன்றுவது ஹென்றிக் அவுஸ்பிற்ஸ் பெயரால் வழங்குகின்றது. அவருக்கு முன்பே ஹெப்றா முதலியோர் அதனைக் கண்டிருந்தனராயினும் பெயர் அவருக்கே போய்ச் சேர்ந்தது. 1872இல் ஹென்றிக் கேப்னர், குதிரை கடித்த தழும்பிலும் பச்சை குத்திய கோடுகளிலும் நோய் புதிதாக முளைத்த ஒருவரைப் பற்றி எடுத்துரைத்தார். காயம்பட்ட இடத்தில் நோய் தோன்றும் என்ற விதி அவ்வாறே அறியப்பட்டது. தொழுநோயிலிருந்து இதனைப் பிரித்தறிவது இன்று கடினமானதன்று. தொழுநோய்த் தேமல் பெரும்பாலும் வெளிறி, உணர்ச்சி குன்றியிருக்கும், பஞ்சினால் தொட்டால் நோயாளிக்குத் தெரியாது, நரம்புகள் தடித்திருக்கும். சொரியாசிஸ் படையில் உணர்ச்சி குன்றுவதில்லை. அரிப்பும் எரிவுமே அதன் தொல்லை. இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். வில்லனின் படங்களும் ஹெப்றாவின் படத்தொகுதியும் வெண்ணிறத் தோலைப் பார்த்து வரையப்பட்டவை. சிவந்த படை என்று அவை கூறுவது எம்மவர் தோலில் ஊதாவாகவோ கருங்கபிலமாகவோ தோன்றும். படை ஆறிய பின்னும் கரிய அல்லது வெளிறிய வடு நெடுநாள் நிற்கும். வெளிறிய தழும்பைக் கண்டு தொழுநோயென மருளும் அயலார் இன்றுமுளர்.

இலங்கையில் ஒல்லாந்தர் 1708இல் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் தொழுநோயாளர் இல்லமொன்றை நிறுவினர். ஆங்கிலேயர் 1901இல் இயற்றிய தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் நோயாளரைப் பிரித்து அடைத்துவைப்பதற்கு அதிகாரமளித்தது. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவு எம்மவர் நாவில் அச்சத்தோடு வழங்கிய பெயராயிற்று. சட்டம் வந்தபோது ஹெப்றா இரு நோய்களையும் பிரித்து 60 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஹன்சன் கிருமியைக் கண்டு 28 ஆண்டுகள். மருத்துவருக்கு வேறுபாடு தெரிந்திருந்தது. ஊருக்கு அது தெரியவில்லை; தெரிவிக்கும் மொழியும் இருக்கவில்லை. மானிப்பாயில் கிறீன் வைத்தியர் (1822–1884) மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கிய முயற்சி எமக்குப் பெருமை தருவது. அம்முயற்சி தடைப்பட்டு ஆங்கிலமே மருத்துவ மொழியானபோது, புதிய பெயர் மருந்துச் சீட்டிலும் பழைய பெயர் படலையடியிலும் தங்கிவிட்டன.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. 'இது குட்டமன்று' என்று சொல்லி ஒருவரை மீட்கும்போது, குட்டநோயாளரை அங்கேயே விட்டுவிட்டு வருகின்றோம். 1980களிற் பரவிய கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோய் முற்றாகக் குணமாகின்றது. சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்துள் அதன் தொற்றுந் தன்மையும் போய்விடுகின்றது. குணமாக்கக்கூடிய நோய்க்கு அஞ்சி, தொற்றாத நோயுடையவரை விலக்கும் வழக்கத்தை என்னென்பது?

சிகிச்சையின் வரலாறு இன்னொரு வகையிற் சுவையானது. இந்நோய்க்கென்றே தேடிக் கண்ட மருந்துகள் அண்மைக்காலம் வரை மிகச் சில. வேறொன்றுக்குக் கொடுத்தது இதற்குப் பலித்தது என்பதே பெரும்பாலான கதை. தோமஸ் பௌலர் 1786இற் காய்ச்சலுக்கென வெளியிட்ட பாஷாணக் கரைசல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொரியாசிஸுக்குப் பெருவழக்காகப் பருகக் கொடுக்கப்பட்டது. படைகள் மறைந்தன. ஆண்டுகள் சென்றபின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் காய்ப்புக்கள் தோன்றி, சிலவற்றிற் புற்றுநோய் வைத்தது. 1887இல் ஜொனதன் ஹச்சின்சன் இத்தொடர்பை எடுத்துக்காட்டினார். அதன்பின்னும் பல்லாண்டு காலம் அக்கரைசல் மருந்துக்கடைகளை விட்டுப் போகவில்லை.

கோவாப் பொடியின் கதை வரலாற்று மாணவர்க்கு மிக உவப்பானது. போர்த்துக்கேய இந்தியாவில் படர்தாமரைக்குப் பூசப்பட்ட மஞ்சட் பொடியொன்று கோவாவின் பெயரால் வழங்கியது. அதன் மூலம் யாதென்று ஆங்கில மருத்துவர் அறியார். ஜோசப் பேரர் 1874இல் அதனைப்பற்றி எழுதவே, பிறேசிலின் பஹியாவிலிருந்து டா சில்வா லிமா என்ற மருத்துவர், அது தம் நாட்டுக் காட்டில் வளரும் அறறோபா மரத்தின் வைரத்திற் படியும் பொடியே என்று விளக்கினார். போர்த்துக்கேயக் கப்பல்கள் தம் பேரரசின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுபோன சரக்கு, போய்ச் சேர்ந்த துறையின் பெயரைப் பெற்றுவிட்டது. 1876ஆம் ஆண்டளவில் இலண்டனில் பல்மனோ ஸ்குவயர் என்பவரிடம் ஒரு நோயாளி வந்தார். அவருக்கிருந்தது சொரியாசிஸ். படர்தாமரையெனப் பிழையாகக் கருதப்பட்டதால் அவர் கோவாப் பொடியைப் பூசியிருந்தார். படைகள் மறையத் தொடங்கியிருந்தன. ஸ்குவயர் அப்பிழையைத் திருத்திவிட்டுப் பொடியை வைத்துக்கொண்டார். இந்நோயின் வரலாற்றில் தவறான நோய்நிர்ணயம் நன்மை செய்த இடம் இதுவொன்றே என்று நினைக்கின்றேன்.

பொடியின் சாரமான கிறிசரோபின் தோலை எரிக்கும், துணியில் அழியாக் கறை படுத்தும். எனினும் ஐரோப்பாவெங்கும் அது பரவியது. முதலாம் உலகப் போர் தொடங்கியதும் பிறேசிற் சரக்கு ஜேர்மனிக்குக் கிடைக்கவில்லை. தட்டுப்பாடு ஆய்வுகூடத்தைத் தூண்டியது. பேயர் கம்பனி ஆக்கிய செயற்கைப் பொருளை 1916இல் கலெவ்ஸ்கி, உன்னா ஆகியோர் நோயாளரிற் பரீட்சித்து வெளியிட்டனர். டித்திரனோல் என்ற அம்மருந்து இன்றும் கைவிடப்படவில்லை. 1925இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் கேக்கர்மன் நிலக்கரித் தாரைப் பூசிப் புறவூதாக் கதிரைப் பாய்ச்சினார். 1953இல் லீட்ஸ் நகரில் இங்கிராம் தார்க்குளிப்பு, புறவூதாக் கதிர், டித்திரனோல் மூன்றையும் ஒன்றிணைத்தார்.

வெயில் இந்நோயைத் தணிக்கும் என்பதை நோயாளர் எங்கும் தாமாகவே அறிந்திருந்தனர். சித்த மருத்துவர் வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயிலிட்டு வெயிலில் வைத்து ஊதாநிறமாக இறங்கும் தைலத்தைக் கொடுப்பர். கார்போகரிசியை வெண்குட்டத்துக்கு வழங்குவதும் எமது பழைய மரபே. அவ்விதையிலுள்ள சொராலன் என்ற பொருள் தோலை ஒளிக்கு இளக்கிக்கொடுக்கும் இயல்புடையது என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. எகிப்தில் 1940களில் எல் மொவ்ரி இவ்வினப் பொருளொன்றை வெண்குட்டத்துக்குப் பயன்படுத்தினார். 1974இற் பொஸ்ரனில் பரிஷ், பிற்ஸ்பற்றிக் முதலியோர் அதே பொருளை உட்கொள்ளக் கொடுத்து நீளலைப் புறவூதாக் கதிரைப் பாய்ச்சிச் சொரியாசிஸைக் கட்டுப்படுத்தினர். நெடுங்காலம் தொடர்ந்தால் தோற்புற்றுநோய் வரக்கூடும் என்று பின்னர் தெரிந்தமையால், 311 நனோமீற்றர் அளவிலான குறுகிய அலைக்கதிர் இன்று அதனிடத்தைப் பெருமளவு பெற்றுள்ளது. சொராலன் என்ற பெயரும் சொறா என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே.

உட்கொள்ளும் மருந்துகளுள் முதன்மையானதோடு சென்னை மாணவர் ஒருவருக்குத் தொடர்புண்டு. பீமவரத்திற் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895–1948) சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்றவர். கதர் உடுத்து வகுப்புக்குச் சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி முழுப் பட்டத்தை இழந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் கூறுவர். பின்னர் அமெரிக்கா சென்று, லெடர்லி ஆய்வுகூடத்தில் அவர் வழிநடத்திய குழுவினர் அமினோப்ரெரினை ஆக்கினர். 1948இற் சிட்னி பார்பர் அதனைக் குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பெயர்பெற்றார். 1951இல் கப்னர் என்பவர் அதனை மூட்டுவாதத்துக்குக் கொடுத்தபோது, ஒரு நோயாளியின் சொரியாசிஸ் படைகளும் மறைவதைக் கண்டார். அதன் உறவுப்பொருளான மெதோற்றெக்ஸேற் இன்றும் உலகெங்கும் கையாளப்படுகின்றது. அது வாரத்துக்கு ஒருமுறை மட்டும் உட்கொள்ளப்படுவது; நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஈரலையும் குருதியையும் சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டியது, கருவுற்றவருக்கு ஆகாதது.

1979இல் இன்னொரு தற்செயல். உறுப்பு மாற்றச் சிகிச்சைக்கென ஆக்கப்பட்ட சைக்கிளோஸ்போரினை மூட்டு நோயாளருக்குக் கொடுத்த முல்லர், ஹெர்மன் ஆகியோர் படைகள் விரைந்து மறைவதைக் கண்டனர். எதிர்ப்புச்சத்தியை அடக்கும் மருந்தொன்று தோலைத் திருத்துமாயின், நோயின் வேர் தோலில் மட்டும் இருக்க முடியாது. இங்கிருந்தே தற்செயலின் காலம் முடிந்து தேடலின் காலம் தொடங்குகின்றது. நோயைக் கிளர்த்தும் புரதச் செய்திகள் ஒவ்வொன்றாக இனங்காணப்பட்டு, அவற்றை மாத்திரம் தடுக்கும் உயிரியல் மருந்துகள் 2003, 2004ஆம் ஆண்டுகளிலிருந்து வழக்குக்கு வந்தன. நோய் அடியோடு மாறுவதில்லை. ஆனால் தோல் முற்றாகவே தெளிந்துவிடும் நோயாளர் பலர். விலை எம்போன்ற நாட்டவருக்கு எட்டாதது. எமது வைத்தியசாலைகளிற் பெரும்பாலோருக்குக் கிடைப்பன பூச்சு மருந்துகளும் மெதோற்றெக்ஸேற்றும் ஆகும். இவற்றையும் விட்டுவிட்டு, தாமாகவே கடையில் ஸ்ரெறொயிட் குளிசைகளை வாங்கி விழுங்குவோர் உளர். அவற்றைத் திடீரென நிறுத்தும்போது உடல் முழுவதும் சீழ்க்கொப்புளங்கள் எழுந்து உயிருக்கு ஊறு விளையலாம்.

2014இல் உலகச் சுகாதாரப் பேரவை நிறைவேற்றிய தீர்மானம் இந்நோயை நாட்பட்ட, தொற்றாத, வலிதரும், உருக்குலைக்கும், மாற்று மருந்தில்லாத நோயென ஏற்றுக்கொண்டது. 2016இல் வெளிவந்த உலகச் சுகாதார தாபனத்தின் அறிக்கை, நாட்டுக்கு நாடு 0.09 வீதம் முதல் 11.4 வீதம் வரை இந்நோய் காணப்படுவதாகக் கூறுகின்றது. ஹெப்றா 1841இற் கூறியதை அரசுகள் ஒன்றுகூடி ஏற்க 173 ஆண்டுகள் சென்றிருக்கின்றன.

சென்ற விடுமுறையில் இக்கட்டுரையின் முதல் வரைவைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோவாப் பொடியின் கதையை மட்டும் இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். பின்னர், தம் நோய்க்குத் தமிழில் என்ன பெயர் போட்டிருக்கிறேன் என்று கேட்டார். சொரியாசிஸ் என்றே எழுதியிருக்கிறேன் என்றேன். அப்படியே இருக்கட்டும் என்றார்.